அப்பாரோட எஃப்சி 150 பிக்கப்: சாக்குல இருக்கிற சாமான அடையாளம் சொல்லுங்க

தாராபுரத்துத் தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அப்பாரு வெச்சிருந்த மஹிந்திரா எஃப்சி 150 பிக்கப் தோட்டத்துல தகரக் கொட்டாய்க்குள்ள நிக்குது. மூக்கே இல்லாம, முன்சக்கரத்து மேல உக்காந்து ஓட்டற வண்டி. எஞ்சின் ரெண்டு சீட்டுக்கும் நடுவால ஒரு மூடிக்குள்ள இருக்குது. பெட்ரோல்தான், டீசலுக்கு மாத்தலீங்க.

இத மறுபடியும் ஓட வெக்கோணும். ஆனா ஒரு நட்டக்கூடத் தொடறதுக்கு முன்னால எது எதுன்னு தெரிஞ்சுக்கோணும்னு நெனைக்கிறேன். ஏன்னா அட்டாலியில இருந்து ஒரு சாக்கு நெறைய சாமான் எறக்கியிருக்கறோம். அதுல பாதி இந்த வண்டியோடதா, இல்ல வேற எதுலயாச்சும் கழட்டுனதான்னு வீட்டுல யாருக்கும் தெரியல. அப்பாருகிட்டக் கேக்கலாம்னா அவரு இல்ல.

போட்டோ எல்லாம் போட்டிருக்கறேன். தெரியாதது இவ்வளவு:
எஞ்சின் எந்த வகை? கியர் லீவர் போக இன்னும் ரெண்டு லீவர் இருக்குது, அது எதுக்கு? அடியில படுத்துப் பாத்தா கியர்பாக்ஸுக்குப் பின்னால இருக்கிற பெட்டியில சும்மா ஒரு தட்டு போல்ட் போட்டு மூடியிருக்குது. இடது பக்கத்து வீல் நட்டு ஒண்ணுகூட அசைய மாட்டேங்குது, வலது பக்கம் எல்லாம் கழண்டிருச்சு. சாக்குல ரெண்டு வாட்டர் பம்ப் பாடி, ஒரு கார்புரேட்டர், அகலமான இரும்பு புல்லி ஒண்ணு சின்ன கியர் பெட்டியோட சேந்தாப்புல, ஒரு குட்டை ஷாஃப்ட், ஒரு லீவர், நடுவுல பெரிய போல்ட் வெச்ச கனத்த இரும்புத் தட்டு ஒண்ணு.

சங்ககிரி பட்டறை:
தம்பி, மொதல்ல வீல் நட்டு. பைப்ப மாட்டித் தொங்கறத இப்பவே நிறுத்துங்க, ஸ்டட் முறிஞ்சு போயிரும். பழைய வில்லிஸ் ஜீப் வம்சத்துல இடது பக்கத்துச் சக்கரத்துக்கு இடது மரை. நாம வழக்கமா இறுக்கற பக்கம் சுத்தினாத்தான் அது கழலும். சக்கரம் முன்னால உருளும்போது நட்டு தானா லூஸாகாம இருக்கறதுக்காக அப்படிப் பண்ணுனது. ஸ்டட்டோட நுனிய கம்பி பிரஷ் போட்டுத் தேச்சுப் பாருங்க, இடது மரைன்னா இங்கிலீஷ் ‘எல்’ எழுத்துக் குத்தியிருக்கோணும். நடுவுல யாராச்சும் ஸ்டட்ட மாத்தியிருந்தா ஒரே சக்கரத்துல ரெண்டு விதமும் கலந்து கெடக்கும். அதனால ஒவ்வொண்ணாப் பாத்துட்டு ஸ்பேனரப் போடுங்க.

அடுத்து எஞ்சின். பழைய பெட்ரோல் ஜீப் எஞ்சின் ரெண்டு உண்டு. எல் 134ல எட்டு வால்வும் பிளாக்குக்குள்ளயே இருக்கும், ஹெட்டு பலகையாட்டம் தட்டையா, மேல கவரே கெடையாது. எஃப் 134ல இன்லெட் வால்வு நாலும் ஹெட்டுல, எக்ஸாஸ்ட் வால்வு நாலும் பிளாக்குல. ரெண்டுக்கும் அளவு ஒண்ணுதான், 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர். அதனால சிசிய வெச்சுப் பிரிக்க முடியாது. உங்க போட்டோவுல ராக்கர் கவர் தெரியுது, கார்புரேட்டர் ஹெட்டு மேலயே உக்காந்திருக்குது, தனியா இன்டேக் மேனிஃபோல்டு இல்ல. அப்ப எஃப் 134தான். சந்தேகம் இருந்தாக் கவரத் தூக்கிப் பாருங்க, உள்ள ராக்கர் நாலே நாலு இருக்கும். மிச்ச நாலு வால்வுக்கு டாப்பெட் (வால்வு இடைவெளி) வெக்க பிளாக்கு பக்கவாட்டுல இருக்கிற மூடியக் கழட்டோணும். எஞ்சின் ஆறிக் கெடக்கும்போது இன்லெட் 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.016 அங்குலம். ஃபயரிங் 1-3-4-2.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிர்றேன். இடது பக்கத்துல இருக்கிற ஆயில் பம்பத் தேவையில்லாமக் கழட்டாதீங்க. வலது பக்கத்து டெல்கோ, அதான் பிளக்குக்குக் கரண்டு பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர், அந்த பம்ப் ஷாஃப்ட்டுலதான் சுத்துது. பம்ப வெளிய எடுத்துட்டுக் குறி பாக்காம மறுபடி மாட்டுனா டைமிங் போயிரும். அப்பறம் கரண்டு, பெட்ரோல் எல்லாம் சரியா இருந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

கோவை வார்ப்படம்:
நான் பவுண்டரிக்காரன். பேட்டர்ன் வேலை, அதாவது மண்ணில் அச்செடுக்க மாதிரி உருவம் செய்வது. இரும்பில் இருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன், மற்றது சங்ககிரிக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எண் இரண்டு வகை. புடைத்துக்கொண்டு நிற்பது வார்ப்பிலேயே வந்தது. அது பேட்டர்னுக்கு உரிய எண். அதே வார்ப்பை எடுத்து ஒரு வண்டிக்கு ஒரு விதமாகவும் இன்னொன்றுக்கு வேறு விதமாகவும் துளை போட்டிருப்பார்கள், புடைத்த எண் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். குழிந்து இருப்பது மெஷினிங் முடிந்த பிறகு எண் பஞ்ச் வைத்து அடித்தது. எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் எல்லாம் இந்த வகை. கடையில் போய்ப் புடைத்த எண்ணைச் சொல்லிப் பாகம் கேட்டால் பல சமயம் பொருந்தாத சாமான் கைக்கு வருவது இதனால்தான்.

எஃப் 134ல் எஞ்சின் நம்பர் பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்ப் உட்காரும் மேட்டின் மேல் இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்து எடுங்கள், ஆர்டிஓ ஆபீஸில் சேஸ் நம்பர் எடுப்பார்களே, அதே மாதிரி. சுரண்டாதீர்கள், உப்புத்தாளும் வேண்டாம். நம்பருக்குப் பின்னால் ஏதாவது எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள். வில்லிஸ் முறையில் ‘ஏ’ என்றால் கிராங்க் ஜர்னல்கள் (பேரிங் உட்காரும் இடங்கள்) 0.010 அங்குலம் சிறிதாகக் கடையப்பட்டவை, ‘பி’ என்றால் சிலிண்டர் 0.010 அங்குலம் பெரிதாக்கப்பட்டது. பேரிங்கும் பிஸ்டனும் வாங்கப் போகும்போது இந்த ஓர் எழுத்து பெரிய அலைச்சலை மிச்சப்படுத்தும். நடுவில் எஞ்சின் வேலை பார்த்திருந்தால் எழுத்தை நம்பாமல் மைக்ரோமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி அந்த இரண்டு வாட்டர் பம்ப் பாடி. போட்டோவில் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது. ஒன்று நகலாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், அடிக்கு ஒரு நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வோம். பேட்டர்ன் செய்யாமல் அசல் பாகத்தையே மண்ணில் வைத்து அச்செடுத்து ஊற்றினால் வருவது அசலைவிடச் சிறிதாக இருக்கும். 200 மி.மீ. நீளத்தில் 2 மி.மீ. குறையும். மெஷினிங் செய்யாத இரண்டு இடங்களுக்கு நடுவே வெர்னியர் வைத்து இரண்டையும் அளந்து போடுங்கள். துளைக்குத் துளை அளக்காதீர்கள், துளை பிறகு போட்டது, இரண்டிலும் சரியாகத்தான் இருக்கும்.

பல்லடம் தறிக்காரன்:
இவ்வளவு சிரமம் எதுக்குங்ணா? எஞ்சினயும் கியர்பாக்ஸயும் எறக்கிட்டு ஒரு டீசல் செட்டப் போட்டா வண்டி ஓடும். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையிலயே கெடைக்கும். எங்க ஊருப்பக்கம் பாதிப் பேரு ஜீப்ப அப்படித்தான் மாத்துனாங்க.

சங்ககிரி பட்டறை:
பாரம் ஏத்தப் பொழப்புக்கு ஓட்டற வண்டின்னா நானும் அதத்தான் சொல்லுவேன் தம்பி. இது அப்படி இல்ல. மஹிந்திரா எஃப்சி 150 பெட்ரோல் டிரக்க 1965ல எறக்குனாங்க, 1975லயே எஃப்சி 260 டீசல் வந்துருச்சு. அதுக்கப்பறம் இந்தப் பெட்ரோல் வண்டிங்களை எல்லாரும் அறுத்துட்டாங்க, இல்லாட்டி மாத்திட்டாங்க. எஞ்சின் மாறாம முழுசா ஒண்ணு நிக்குதுன்னா அத அப்படியே வெக்கறதுதான் சரி.

வால்பாறை எஸ்டேட் டிரைவர்:
கண்ணு, நான் எஸ்டேட்டுல இந்த வண்டி ஓட்டியிருக்கேன். இப்ப வீட்டோட இருக்கேன். பேரன்தான் டைப் அடிக்கிறான்.

அந்த ரெண்டு லீவரும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கு உள்ளது, எஞ்சின் இழுவைய முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிச்சுக் குடுக்கற பெட்டி. ஒண்ணு முன் ஆக்சிலச் சேக்கறதுக்கும் விடறதுக்கும். இன்னொண்ணு ஹை, நியூட்ரல், லோ. லோவுல போட்டா வேகம் ரெண்டரைல ஒரு பங்கா எறங்கும், கணக்கா 2.46. முன் ஆக்சிலச் சேக்காம லோ விழுகாது, உள்ள அதுக்கு ஒரு தடுப்பு வெச்சிருக்கான். லீவர் விழுகலேன்னு பலவந்தம் பண்ணாத.

ஆழியாறுல இருந்து மேல வர்ற 40 கொண்டை ஊசி வளைவுலயும் இந்த லீவரத் தொட வேண்டியதில்ல. தார் ரோட்டுல முன் ஆக்சில் சேந்திருந்தா வளைவுல வண்டி முரண்டு பிடிக்கும், ஸ்டியரிங் கையில நிக்காது, ஜாயிண்ட் கிராஸும் கியர் பல்லும் தேயும். மழைக்குத் தேயிலைக் காட்டு மண் ரோட்டுல எறங்கறப்பதான் அதுக்கு வேலை. லோவுல ரெண்டாவது கியர் போட்டு பிரேக்கு மேல காலே வெக்காம எறக்குவேன்.

பின்னால தட்டுப் போட்டு மூடியிருக்கற எடம் பி.டி.ஓ. வாய், வண்டி எஞ்சின வெச்சு வேற மிசின ஓட்டறதுக்கு இழுவை எடுக்கற வழி. தட்டக் கழட்டுனா கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டோட நுனி, ஒரு காசில் நட்டு, அது புடிச்சிருக்கற கியர், இவ்வளவும் தெரியும். ஆயில் கொட்டும், அடியில தட்டம் வெச்சுட்டுக் கழட்டு.

இப்ப உன் சாக்கு விசயத்துக்கு வர்றேன். அந்த அகலப் புல்லிய எனக்குத் தெரியும்னுதான் நெனைக்கிறேன். ஆனா போட்டோவ மட்டும் பாத்துட்டுச் சொல்ல மாட்டேன். குட்டை ஷாஃப்ட்டோட நுனியில எத்தன ஸ்ப்ளைன் (நீளவாக்குல வெட்டுன பல்லு) இருக்குது, வெளி விட்டம் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு.

தாராபுரத்துத் தோட்டம்:
ரெம்ப நன்றிங்க ஐயா, அண்ணா எல்லாருக்கும். கொட்டாய்க்குள்ள லைட்டு இழுத்துட்டுப் போயி உக்காந்து பாத்தேன்.

வீல் நட்டு: கிரீஸும் மண்ணும் கல்லாட்டம் ஒட்டியிருந்துச்சு. பிரஷ் போட்டதும் ஸ்டட் நுனியில எழுத்துத் தெரிஞ்சுது. ஒரு ஸ்டட்ல மட்டும் எழுத்து இல்ல, அது சாதாரண மரை. மத்தது எல்லாம் மாத்திச் சுத்துனதும் கழண்டிருச்சு.

எஞ்சின்: ராக்கர் நாலுதான். பென்சில் போட்டு எடுத்த தாளப் போட்டிருக்கறேன். நம்பருக்குப் பின்னால எழுத்து எதுவும் இல்ல.

கியர்பாக்ஸ் பக்கவாட்டுல புடைச்ச எழுத்துல டி 90ன்னு இருக்குது.

வாட்டர் பம்ப்: கோவை அண்ணா சொன்னது சரியா இருக்குது! மெஷின் போடாத காதுக்கும் காதுக்கும் நடுவால ஒண்ணுல 152 மி.மீ., இன்னொண்ணுல 150 மி.மீ.க்குச் சித்தே கூட. ரெண்டயும் ஒட்டுக்கா வெச்சுப் பாத்தா சின்னதுல எழுத்தும் மழுங்கியிருக்குது.

ஷாஃப்ட்: ஸ்ப்ளைன் 6. வெளி விட்டம் 35 மி.மீ.க்குக் கொஞ்சம் கம்மி.

வால்பாறை எஸ்டேட் டிரைவர்:
அப்படிச் சொல்லு! 1 3/8 அங்குலம், 6 ஸ்ப்ளைன். டிராக்டர் பி.டி.ஓ. அளவேதான். கண்ணு, அந்தப் புல்லி உங்க வண்டியோடதுதான். பெல்ட் புல்லி டிரைவ்னு சொல்லுவோம். அந்த வாயில ஒரு கியர் யூனிட் மாட்டி, அடியில ஷாஃப்ட் ஓட்டி, வண்டியோட பின்குறுக்குச் சட்டத்துல இன்னொரு யூனிட் வெச்சு, அதுல இந்தப் புல்லிய மாட்டோணும். அகலப் பட்டை பெல்ட்டு போட்டு எதையும் ஓட்டலாம். வண்டி நிக்க, டிரான்ஸ்ஃபர் நியூட்ரல்ல, கியர்பாக்ஸ்ல நமக்கு வேணுங்கற கியரப் போட்டு வேகம் வெச்சுக்கலாம்.

உங்க தோட்டத்துல அப்பாரு எத ஓட்டுனாருன்னு பெரியவங்க யாரையாச்சும் கேட்டுப் பாரு. வண்டிப் பின்சட்டத்துல போல்ட் ஓட்டை சும்மா இருக்குதான்னும் பாரு.

கோவை வார்ப்படம்:
ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. குறைவு என்றால் சின்னது நகல்தான். தூக்கிப் போட வேண்டாம். நல்ல வார்ப்பாகவே தெரிகிறது, உள்ளூரில் யாரோ பொறுப்பாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் மாட்டும் முன் இம்பெல்லருக்கும் (உள்ளே சுழலும் விசிறி) பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பாடி சுருங்கியதால் உரசக்கூடும். அசல் பாடி பழுதில்லாமல் இருந்தால் அதையே மாட்டிவிட்டு, நகலை ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டர்ன் செய்ய வேண்டி வந்தால் அசலைத்தான் அளவுக்குக் கொடுக்க வேண்டும். நகலில் இருந்து எடுத்தால் மறுபடியும் ஒரு சதவீதம் போகும்.

சங்ககிரி பட்டறை:
நடுவுல போல்ட் வெச்ச கனத்த தட்டு, அது வண்டிப் பாகமே இல்ல தம்பி. ஹப் புல்லர். பின் ஆக்சில் ஷாஃப்ட் நுனி டேப்பரா இருக்கும், சாவி போட்டு ஹப்பு அதுல இறுகி உக்காந்திருக்கும். நட்டக் கழட்டுனாலும் ஹப்பு வராது. இந்தத் தட்ட ஸ்டட்டுல மாட்டி நடு போல்ட்ட இறுக்குனாத்தான் ‘டக்’குனு விடும். காசில் நட்ட முழுசாக் கழட்டாம நாலு மரை விட்டு வெச்சுட்டு இறுக்குங்க, இல்லேன்னா ஹப்பு கால் மேல வந்து விழுகும். சுத்தியில அடிச்சுக் கழட்டப் பாத்தா ஷாஃப்ட் நுனி விரிஞ்சு, உள்ள பேரிங்கும் அடி வாங்கும். அப்பாரு விவரமானவரு, புல்லரப் பத்திரமா வெச்சிருக்காரு.

கார்புரேட்டர் போட்டோவுல சோலெக்ஸ்னு தெரியுது. அமெரிக்காவுல எஃப் 134க்கு கார்ட்டர் ஒய்எஃப் போட்டாங்க, இங்க ஜீப்புல சோலெக்ஸ்தான் எல்லாரும் பாத்தது. அதனால அது அசலா வந்ததாவே இருக்கலாம். பெட்ரோல் அளவா வர்ற துளை வெச்ச மெயின் ஜெட்டக் கழட்டி மேல இருக்கிற நம்பரப் பாருங்க. 120ன்னு இருந்தா துளை 1.20 மி.மீ.ன்னு அர்த்தம். இப்ப மாட்டியிருக்கறதுலயும் பாத்து ரெண்டயும் ஒப்பிடுங்க. துளையில கம்பி விட்டுச் சுத்தம் பண்ணாதீங்க, காத்து அடிச்சாப் போதும்.

நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா எல்லாத்தயும் விட இதத்தான் மொதல்ல பாக்கோணும். பின் ஆக்சில் ரேஷியோவும் முன் ஆக்சில் ரேஷியோவும் ஒண்ணா இருக்கோணும். பழைய வண்டியில கிரவுன் பினியன் (ஆக்சிலுக்கு நடுவுல சக்கரத்தச் சுத்தற கியர் ஜோடி) போச்சுன்னா கெடச்ச செட்டப் பின்னால மட்டும் போட்டு ஓட்டியிருப்பாங்க. முன் ஆக்சில் சேராத வரைக்கும் ஒண்ணும் தெரியாது. சேந்த அன்னிக்கு டிரான்ஸ்ஃபர் பெட்டி பல்லு போயிரும்.

கழட்டாமப் பாக்கலாம். சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு, ஒரு பின்சக்கரத்த மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்க, மத்தது தரையிலயே இருக்கட்டும். டிரான்ஸ்ஃபர் நியூட்ரல். ஜாயிண்ட் ஷாஃப்ட்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்கங்க. தூக்குன சக்கரத்தக் கையில சரியா ரெண்டு சுத்து சுத்துங்க. ஒரு சக்கரம் நிக்கறதால கிரவுன் வீல் ஒரு சுத்துதான் போகும். அதுக்குள்ள ஷாஃப்ட் எத்தன சுத்துச்சோ அதுதான் ரேஷியோ. முன்னாலயும் இதே மாதிரிப் பாருங்க. ஹவுசிங் விலாவுல புடைச்ச நம்பர் இருக்குதான்னும் பாருங்க.

பல்லடம் தறிக்காரன்:
சரிங்ணா, இவ்வளவு சாமான் அசலா இருக்குதுன்னா மாத்த வேண்டாம்தான். அப்ப ரிஜிஸ்ட்ரேஷன் என்ன பண்ணுவீங்க? எஃப்சி (ஆர்டிஓ தகுதிச் சான்று) காட்டாம இத்தன வருசம் நின்ன வண்டியாச்சே.

கோவை வார்ப்படம்:
2021ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சொந்த உபயோகமாக இருக்க வேண்டும், உருவத்திலும் அமைப்பிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். தினசரி ஓட்டவோ வாடகைக்கோ கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். எஞ்சினை மாற்றாமல் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்சி புக்கில் சரக்கு வண்டி என்று இருந்தால் முதலில் உங்கள் ஆர்டிஓவில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய ஆர்சி புக் எங்கே இருக்கிறது என்று இன்றே தேடுங்கள்.

தாராபுரத்துத் தோட்டம்:
ஆர்சி புக் அமுச்சி பொட்டியில இருந்துச்சுங்க. ஓரம் கரையான் அரிச்சிருக்குது, ஆனா சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் படிக்க முடியுது. பென்சில்ல எடுத்த நம்பரோட ரெண்டும் ஒத்துப்போகுது.

பின் ஆக்சில் விலாவுல 44ன்னு புடைச்சிருக்குது. சுத்திப் பாத்தோம். நான் சக்கரத்தப் புடிச்சுக்க, தம்பி அடியில படுத்துட்டு எண்ணுனான். அஞ்சு சுத்து முழுசா, அப்பறம் கால் சுத்துக்கு மேல, அரைச் சுத்துக்குக் கம்மி. முன்னாலயும் அதே கணக்குத்தான் வருது.

பின்சட்டத்துல போல்ட் ஓட்டை இருக்குதுங்க ஐயா, பெயிண்ட்டுக்கு அடியில மறஞ்சிருந்துச்சு. பெரியப்பாகிட்டக் கேட்டேன். கடலைக்காய் உரிக்கிற மிசின அந்தப் புல்லியில ஓட்டுவாங்களாம். பக்கத்துத் தோட்டத்துக் கடலைக்காயெல்லாம் மூட்டை மூட்டையா இங்கதான் வருமாம். பெல்ட்டு வழுக்காம இருக்க அப்பாரு ரோசனத்தூள் போடுவாரு, ஆத்தா பக்கத்துல யாரும் போகாமப் பாத்துக்குவாங்கன்னு சொன்னாரு. இது ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்க.

சங்ககிரி பட்டறை:
அப்ப ஆக்சில் டானா 44 மாடல், ரேஷியோ 5.38. கிரவுன் 43 பல்லு, பினியன் 8. ரெண்டு ஆக்சிலும் ஒத்துப்போகுதுன்னா உங்களுக்குப் பெரிய செலவு ஒண்ணு மிச்சம்.

வால்பாறை எஸ்டேட் டிரைவர்:
கண்ணு, சாக்குல இருக்கிற லீவருக்கு அடியில ஃபோர்க் இருக்குதா? இருந்தா அது பி.டி.ஓ. சேக்கற லீவர். ஆனா வாயில மாட்டற முன் யூனிட்டு உன் போட்டோவுல எங்கயும் காணோம். புல்லி, பின் ஷாஃப்ட், லீவர் மூணும் இருந்து அது மட்டும் இல்லாமப் போகாது. கையளவு வார்ப்புப் பெட்டி, ஒரு பக்கம் தட்டு மாதிரியே போல்ட் ஓட்டை, உள்ள நகரும் கியர். அட்டாலியில இன்னொரு தடவ பாரு. கடலைக்காய் மிசின் நின்ன எடத்துலயும் பாரு.

தாராபுரத்துத் தோட்டம்:
ஃபோர்க் இருக்குதுங்க ஐயா. மிசின் ரூமு இப்ப மாட்டுத் தீவனம் போட்டு வெக்கற எடம். நாளைக்கு வெடியால மூட்டையெல்லாம் நகத்திப் பாத்துட்டு போட்டோ போடறேன். அண்ணா, எழுத்து இல்லாத அந்த ஒரு ஸ்டட்டுக்கு இடது மரை ஸ்டட் எங்க கெடைக்கும்?

சங்ககிரி பட்டறை:
பழைய ஸ்டட் ஒண்ண நட்டோட கழட்டி எடுத்துட்டு வாங்க தம்பி. ஹப்புல மாட்டற பக்கத்து ரம்பப் பல்லு விட்டம், மரை, நீளம் மூணும் அளக்கோணும். கடையில கெடைக்கலேன்னா லேத்துல கடைஞ்சுக்கலாம், நல்ல ஸ்டீல்ல கடைஞ்சு ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணச் சொல்லுங்க. கடைஞ்சதும் நுனியில ‘எல்’ எழுத்தக் குத்த மறந்துராதீங்க, அடுத்துக் கழட்டறவனுக்கு அது தெரியோணும்.